ஆவாரையும் அதன் விருந்தினரும்

முன்னுரை

தைப் பொங்கலுக்கு முதல் நாள் கொங்கு நாட்டில் ஆவாரம்பூ ஏறாத வீட்டு இறவாரம் இல்லை எனலாம். ஆவாரங்கொத்து, பூளைப்பூ, வேப்பிலை ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, வீட்டு வாசலிலும் மாட்டுப்பட்டியிலும் தோட்டத்து மூலையிலும் செருகி வைப்பதைக் 'காப்புக் கட்டுதல்' என்கிறோம். பொங்கலை அடுத்து வரும் பூப்பறிக்கும் நோன்பன்று பெண்கள் கூட்டமாகச் சென்று ஆவாரம்பூவைப் பறித்து வருவதும் இந்நாட்டு வழக்கம்.

முன்பு அந்தப் பூவுக்கு விலை கிடையாது. வீட்டுக்குப் பின்னால் இருந்த இட்டேரியில் இறங்கினால் கை நிறையக் கிடைத்தது. இன்று திருப்பூர் நகரத்தார் காப்புக் கட்டைச் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். காசு கொடுப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால், ஒரு செடி நம் வேலியை விட்டுச் சந்தைக்குப் போகும்போது செடி மட்டும் போவதில்லை. அதை நம்பி வாழ்ந்த சிற்றுயிர்களும் நம் வேலியை விட்டுப் போய்விடுகின்றன. அச்சிற்றுயிர்கள் யாவை, அவற்றால் நமக்கு ஆகும் பயன் யாது, ஆவாரையை மீண்டும் நம் வேலிக்குக் கொண்டு வருவது எவ்வாறு என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பெருமையும்

ஆவாரை நம் மண்ணின் செடி. இந்தியாவின் வறண்ட பகுதிகளும் இலங்கையும் இதன் தாயகம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் 99 பூக்களுள் 'ஆவிரை' என்ற பெயரில் இதுவும் இடம்பெறுகிறது. காதல் கைகூடாமல் மடலேறும் தலைவன் ஆவிரம்பூ மாலை சூடி ஊர் நடுவே வருவதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவாரைக் காண முடியுமோ என்று கேட்கும் பழமொழியை அறியாத பாட்டிமார் இலர். சித்த மருத்துவத்தில் இதன் பூ, இலை, பட்டை, வேர், விதை ஆகிய ஐந்தும் பயன்படுகின்றன. தெலங்கானா மாநிலம், தான் உருவான 2014ஆம் ஆண்டிலேயே இதனைத் தன் மாநில மலராக அறிவித்தது. அங்கு இதன் பெயர் தங்கேடு. பதுக்கம்மா விழாவில் பெண்கள் அடுக்கும் பூக்களுள் இது முதன்மையானது.

மருந்தாகவும் மங்கலப் பொருளாகவும் இருந்ததோடு இது தொழிலுக்கும் உதவியது. ஆவாரம்பட்டையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு துவர்ப்புப் பொருள் உண்டு. தென்னாட்டுத் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் இப்பட்டையை நம்பியே நடந்தது. பின்னர் வாட்டில் மரப்பட்டையும் இரசாயனப் பொருள்களும் வந்தன. ஆவாரம்பட்டைக்கு இருந்த தேவை சுருங்கியது.

தாவரவியலார் இதனைப் பயறு வகைகளின் குடும்பத்தில் வைத்துள்ளனர். 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர் கேசியா ஆரிக்குலேட்டா. இப்பேரினத்தின் அமெரிக்க இனங்களை விரிவாக ஆய்ந்த இர்வின், பார்னெபி என்ற இருவர் 1982இல் வெளியிட்ட நூலுக்குப் பின்னர், கேசியாவிலிருந்து சென்னா தனிப் பேரினமாகப் பிரிக்கப்படுவது நிலைபெற்றது. ஆகவே இன்று இதன் பெயர் சென்னா ஆரிக்குலேட்டா. பழைய பாடநூல்களிலும், காம்பிள் எழுதிய சென்னை மாகாணத் தாவரநூலிலும் கேசியா என்றே காணப்படும். மாணவர்கள் இரண்டையும் அறிந்திருத்தல் நலம்.

அடையாளம் காணுதல்

மஞ்சளாகப் பூப்பதெல்லாம் ஆவாரை ஆகாது. வீதியோரங்களில் அழகுக்காக வைக்கப்படும், மணி வடிவப் பூவுடைய டெக்கோமா அமெரிக்காவிலிருந்து வந்தது. பொன்னாவாரை, தகரை, சீமையகத்தி ஆகியவை ஆவாரையின் உறவினவே ஆயினும் ஆவாரை அல்ல. நாற்றுப்பண்ணையில் கேட்டால் இவற்றுள் ஏதேனும் ஒன்று கைக்கு வந்து சேரலாம்.

ஐயம் இன்றி அறிவதற்கு வழி அதன் பெயரிலேயே இருக்கிறது. 'ஆரிக்குலேட்டா' என்ற இலத்தீன் சொல்லுக்குக் 'காதுடையது' என்பது பொருள். ஆவாரை இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். அங்கு சிறுநீரக வடிவில், காதுமடல் போன்ற இரண்டு பெரிய இலையடிச் செதில்கள் தண்டை அணைத்தாற்போல நிற்கும். உதிராமல் நிலைத்து நிற்கும். இந்தக் காது இருந்தால் ஆவாரை.

மற்ற உறுப்புகளையும் காண்போம். இது ஆளுயரம் வரை வளரும் பல்லாண்டுப் புதர்ச்செடி. கூட்டிலை ஒன்றில் 16 முதல் 24 வரை சிற்றிலைகள் இணை இணையாக அமைந்திருக்கும். ஒவ்வோர் இணைக்கும் நடுவே மெல்லிய குச்சி போன்ற சுரப்பி ஒன்று உண்டு. கைவில்லையில் பார்த்தால் எறும்புகள் அதை நாடி வருவது தெரியும். பூ ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அகலம் உடையது. ஐந்து மஞ்சள் அல்லிகள் கொண்டது. காய் தட்டையானது, காகிதம் போன்றது, 7 முதல் 11 சென்டிமீட்டர் நீளம் உடையது. உள்ளே 12 முதல் 20 வரை விதைகள் இருக்கும்.

தேன் இல்லாத பூ

இனி ஆவாரையின் வியப்புக்குரிய பகுதிக்கு வருவோம். இவ்வளவு பகட்டாகப் பூக்கும் இப்பூவில் ஒரு சொட்டுத் தேனும் இல்லை. பூச்சிகளுக்கு இது கொடுக்கும் கூலி மகரந்தம் ஒன்றுதான். அந்தக் கூலியையும் எளிதில் கொடுத்துவிடுவதில்லை.

பூவின் நடுவே பத்து மகரந்தத்தாள்கள் உள்ளன. மேலே உள்ள மூன்றும் மலடு. மீதி ஏழே வளமானவை. அவற்றுள்ளும் கீழே உள்ளவை நடுவில் உள்ளவற்றைவிட நீண்டவை. பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்துத் தூளை வெளியே காட்டும். ஆவாரையிலோ பை வெடிப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டும் திறக்கிறது. மேசை மேல் வைத்த உப்புச்சாடியின் மூடியைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். உப்பு வேண்டுமென்றால் சாடியைக் குலுக்கத்தான் வேண்டும்.

குலுக்கத் தெரிந்தவர் யார்? கருவண்டு. வீட்டு உத்திரத்தில் துளை போட்டு ரீங்காரமிடும் பெரிய கரிய பூச்சியை நாம் வண்டு என்றே அழைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது தேனீ இனத்தைச் சேர்ந்தது. அது பூவின் மேல் வந்து அமர்ந்து, மகரந்தத்தாள்களைக் கால்களால் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. பிறகு சிறகை விரிக்காமலேயே, பறப்பதற்குரிய மார்புத் தசைகளை மட்டும் அதிரச் செய்கிறது. அவ்வதிர்வு பைக்குள் பாய்ந்ததும் மகரந்தத்தூள் துளை வழியே பீறிட்டு வண்டின் உடல் மேல் படிகிறது. உடலில் படிந்ததில் பெரும்பகுதியை அது வாரிக் குஞ்சுகளின் உணவுக்கு எடுத்துச் செல்கிறது. அதன் கால்கள் எட்டாத இடத்தில் ஒட்டிக்கொண்ட சிறு பகுதி, அடுத்த பூவின் சூல்முடியைப் போய்ச் சேர்கிறது. செடிக்கு வேண்டியது அவ்வளவே.

பூச்சி உண்பதற்கென்று சில தாள்கள், இனப்பெருக்கத்துக்கென்று சில தாள்கள் என ஒரே பூவுக்குள் வேலைப் பங்கீடு இருக்கக்கூடும் என்ற கருத்தை 1880களில் முல்லர் சகோதரர்களான ஹெர்மனும் பிரிட்ஸும் வெளியிட்டனர். நம் ஊர் ஆவாரையில் குட்டைத் தாள்களையும் நெட்டைத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் காணும்போது அக்கருத்தின் பொருள் விளங்கும்.

இவ்வாறு அதிர்ந்து மகரந்தம் எடுப்பதை அதிர்வு மகரந்தச் சேர்க்கை என்பர். தேனீக்கள் பூவில் எழுப்பும் இவ்வதிர்வு பெரும்பாலும் நொடிக்கு 100 முதல் 400 முறை என்ற எல்லைக்குள் அமைகிறது. பறக்கும்போது எழும் ஒலியைவிடப் பூவில் எழும் ஒலியின் சுருதி கூடுதலாக இருக்கும். காலையில் ஆவாரம் புதரின் அருகே கண்ணை மூடி நின்றால் இவ்விரண்டையும் காதாலேயே பிரித்தறியலாம். கருவண்டைத் தவிர, வயிற்றில் நீலப்பட்டை உடைய நீலக்கோட்டுத் தேனீ முதலிய தனித்து வாழும் தேனீக்களுக்கும் இக்கலை தெரியும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கும், மலைத்தேனீக்கும், கொசுத்தேனீக்கும் இது தெரியாது. அவை வந்தாலும் பிறர் சிந்தியதைப் பொறுக்கிச் செல்லலாமே தவிரச் சாடியைக் குலுக்க இயலாது.

ஒரு சிறு சோதனை

இதனைப் புத்தகத்தில் படித்து நம்ப வேண்டுவதில்லை; கையால் செய்து பார்க்கலாம். இயற்பியல் ஆய்வகத்திலிருந்து 256 அல்லது 320 அதிர்வெண் உடைய இசைக்கவை ஒன்றை இரவல் பெறுக. காலையில் புதிதாக விரிந்த ஆவாரம்பூ ஒன்றைக் கருங்காகிதத்தின் மேல் பிடிக்குக. முதலில் மகரந்தத்தாளை விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்க. அனேகமாக ஒன்றும் விழாது. இனி இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டி, அதிரும் நுனியை மகரந்தத்தாளில் தொடுவிக்க. கருங்காகிதத்தின் மேல் மஞ்சள் தூள் உதிர்வதைக் காணலாம். வெவ்வேறு அதிர்வெண்ணுடைய கவைகளைக் கொண்டும், முதல் நாள் பூவையும் மறுநாள் பூவையும் கொண்டும் இதைத் திருப்பிச் செய்யலாம். இயற்பியலும் தாவரவியலும் விலங்கியலும் ஒரே பூவில் சந்திக்கும் பாடம் இது.

கத்தரித் தோட்டத்துக்கு என்ன தொடர்பு?

ஆவாரை இல்லாவிட்டால் காப்புக் கட்டுக்குத்தானே குறை, மற்றபடி என்ன நட்டம் என்று கேட்கலாம். விடை நம் காய்கறிக் கூடையில் இருக்கிறது.

உலகில் 20,000க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் ஆவாரையைப் போலவே துளை வழியே மகரந்தம் தருபவை. கத்தரி அவற்றுள் ஒன்று. தக்காளியும் அவ்வாறே அதிர்வால் பயன் பெறுவது. இவை காற்றசைவால் ஓரளவு தாமே காய்க்கும் என்பது உண்மை. ஆனால் அதிரத் தெரிந்த தேனீ வந்து சென்றால் காய்ப்பிடிப்பும் காயின் பருமனும் கூடுகின்றன. மேலைநாடுகளில் கண்ணாடிக் கூடங்களுக்குள் தக்காளி பயிரிட்டவர்கள், காற்றும் பூச்சியும் நுழையாத அவ்விடத்தில் மின் அதிர்வுக் கருவியைக் கொண்டு பூங்கொத்துகளை ஆட்களை வைத்தே அதிரச் செய்து வந்தனர். 1980களின் பிற்பகுதியில் பம்பிள் தேனீக்களை வளர்த்துக் கூட்டோடு விற்கும் தொழில் ஐரோப்பாவில் தோன்றியதும் அக்கருவிகளுக்கு வேலை குறைந்தது. இன்று அது பெரியதொரு வணிகம்.

பம்பிள் தேனீக்கள் நம் நாட்டில் இமயமலைப் பகுதியில் வாழ்பவை. கொங்கு நாட்டில் இல்லை. உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களில் அவ்வேலையைக் கூலி வாங்காமல் செய்பவை கருவண்டும் நீலக்கோட்டுத் தேனீயும் அவற்றின் உறவினங்களுமே. கத்தரி ஆண்டு முழுவதும் ஒரே தோட்டத்தில் இருப்பதில்லை. அறுவடை முடிந்து நிலம் உழப்பட்டபின் இத்தேனீக்கள் எதைத் தின்னும்? வேலியிலும் இட்டேரியிலும் நிற்கும் ஆவாரை போன்ற பல்லாண்டுச் செடிகளே அவற்றைக் காக்கும் களஞ்சியம். மழைக்குப் பின் தொடங்கித் தை, மாசி வரை கொழித்தும், மற்ற மாதங்களில் ஆங்காங்கேயும் ஆவாரை பூக்கிறது. வேலி வெறுமையானால் தோட்டத்துக்கு வர வேண்டிய விருந்தினர் வழியிலேயே பட்டினி கிடப்பர்.

வண்ணத்துப்பூச்சிகளும் ஆவாரைக்குக் கடன்பட்டவை. வெளிர்பச்சை கலந்த வெண்ணிறப் பூச்சியும், சிறிய மஞ்சள் பூச்சியும் இவ்வினச் செடிகளின் இலையிலேயே முட்டையிடுகின்றன. அவற்றின் பச்சைப் புழுக்கள் உண்பது இந்த இலையைத்தான்.

இட்டேரி போன வழி

திருப்பூர் வட்டாரம் மழை மறைவுப் பகுதி. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். இச்செம்மண்ணிலும் சரளையிலும் உழவர்கள் கண்ட அமைப்புகள் இரண்டு. ஒன்று கொறங்காடு. காங்கயம், தாராபுரம் பக்கம் முள்கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து, காங்கயம் மாடுகளை மேய விடும் மேய்ச்சல் நிலம் அது. மற்றொன்று இட்டேரி. இருபுறமும் உயிர்வேலி அமைந்த வண்டித்தடம் அது. கிளுவையும் கள்ளியும் ஆவாரையும் கொடிகளும் பின்னிக் கிடந்த அவ்வேலிகள், எவரும் திட்டமிடாமலே காடும் காடும் கைகோத்துக்கொள்ளும் வழிகளாக இருந்தன.

பின்னலாடைத் தொழில் நம் ஊருக்கு வாழ்வு தந்தது. பல மாவட்டங்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் வந்தவர்களுக்குச் சோறு போட்டது. அதைக் குறைகூறுவது நன்றி கொன்ற செயலாகும். ஆனால் ஊர் விரிந்தபோது இட்டேரி தார்ச்சாலையாயிற்று, வேலி சுற்றுச்சுவராயிற்று, மேய்ச்சல் காடு மனையிடமாயிற்று. எஞ்சிய வெற்றிடங்களை அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. நொய்யல் பட்ட துன்பத்தை நாம் அறிவோம். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பின்னரே, கழிவுநீரை வெளியேற்றாத முறை இங்கு உறுதியாகக் காலூன்றியது. ஆற்றுக்கு நேர்ந்தது கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே நாடே பேசிற்று. வேலிக்கு நேர்ந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகவே பேசுவார் இல்லை.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. 2015இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கம் இலட்சக்கணக்கில் மரக்கன்றுகளை நட்டுள்ளது. ஊத்துக்குளி வட்டத்து நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. மரத்தையும் பறவையையும் நினைத்த ஊர், புதரையும் வண்டையும் நினைக்க வேண்டிய காலம் இது.

வளர்க்கும் முறை

விதை சேர்த்தல்: காய்கள் பழுப்பு நிறமாகி, ஆட்டினால் சலசலக்கும் பருவத்தில் பறிக்க வேண்டும். தையில் பூத்தவை பெரும்பாலும் பங்குனி, சித்திரையில் இந்நிலைக்கு வரும். பல செடிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுப்பது நன்று. ஒரே செடியை மொட்டையடிக்கலாகாது. துளை விழுந்த விதைகளையும் நீரில் மிதப்பவற்றையும் கழித்துவிட்டு, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் வைக்கலாம்.

விதை நேர்த்தி: இங்குதான் பலரும் தோற்கிறார்கள். நாங்களும் முதல் ஆண்டில் தோற்றோம். விதையை அப்படியே வேலியோரம் ஊன்றி, நல்ல மழையும் பெய்து, ஒன்றிரண்டைத் தவிர எதுவும் முளைக்கவில்லை. விதை கெட்டது என்று நினைத்துத் தோண்டிப் பார்த்தால், போட்டபடியே கல்லாகக் கிடந்தது. ஆவாரை விதையின் தோல் நீர்புகாத கடுந்தோல். ஒரே மழையில் எல்லா விதையும் முளைத்து, அடுத்து வரும் வறட்சியில் எல்லாம் மடிந்துவிடாதபடி இயற்கை செய்துள்ள காவல் அது. நமக்கோ அக்காவலைச் சற்றுத் தளர்த்த வேண்டும். நீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிச் சில நிமிடம் விட்டு, அதில் விதைகளைப் போட்டு ஓர் இரவு ஊறவிடுக. காலையில் உப்பியிருப்பவை விதைப்புக்கு ஏற்றவை. உப்பாதவற்றைச் சொரசொரப்பான கல்லிலோ உப்புத்தாளிலோ ஒரு பக்கம் மட்டும் தேய்த்து மீண்டும் ஊறவைக்கலாம். முளை இருக்கும் முனையைத் தேய்த்துவிடக் கூடாது.

விதைத்தல்: ஆவாரை ஆணிவேரைச் சீக்கிரம் ஆழத்துக்கு விடும் செடி. ஆகவே நிற்கும் இடத்திலேயே விதைப்பது சிறந்தது. நெகிழிப்பையில் நாற்று விட்டால் இரண்டு மாதத்துக்குள் நட்டுவிட வேண்டும். அதற்கு மேல் வைத்தால் வேர் பைக்குள் சுருண்டு, நட்ட பின்னும் செடி தேறுவதில்லை. ஒரு அடி ஆழம் மண்ணைக் கொத்தி இளக்கி, குழிக்கு மூன்று விதை வீதம், ஒரு விரற்கடை ஆழத்துக்கு மிகாமல் ஊன்றுக. வேலியாக வேண்டுமானால் மூன்றடிக்கு ஒன்று. திறந்த இடமானால் ஐந்தாறு அடிக்கு ஒன்று. புரட்டாசியின் முதல் நல்ல மழையை ஒட்டி விதைத்தால் வடகிழக்குப் பருவமழை வளர்த்துவிடும். நன்கு முளைத்தபின் குழிக்கு ஒன்றை நிறுத்தி மற்றவற்றைக் கிள்ளிவிடலாம்.

இடமும் எருவும்: முழு வெயில் வேண்டும். நீர் தேங்கலாகாது. சரளை, செம்மண், கட்டாந்தரை எதுவும் ஏற்கும். எரு மிகுந்தால் இலை மிகும், பூ குறையும். ஆகவே தொடக்கத்தில் ஒரு கூடை மக்கிய சாணம் போதும். பயறு வகைக் குடும்பமாயிற்றே, வேர்முடிச்சு நுண்ணுயிர் கலக்க வேண்டாமா என்று தாவரவியல் மாணவர் கேட்பர். அக்குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் சென்னா பேரினத்தில் பெரும்பாலானவற்றுக்கு வேர்முடிச்சு உண்டாவதில்லை. ஆகவே அது தேவையில்லை.

நீர்: மழை இல்லாவிடில் முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை, முதல் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. அதன்பின் தானே பிழைத்துக்கொள்ளும்.

கவாத்து: பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் நன்கு பூக்கத் தொடங்கும். விதை சிந்திய பின், சித்திரையில் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் அடியிலிருந்து புதுக்கிளைகள் எழும். வெட்ட வெட்டத் துளிர்ப்பது இதன் இயல்பு. ஒரே நாளில் வரிசை முழுவதையும் வெட்டாமல், ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டுவதே முறை. விருந்தினர்க்கு ஒரு பந்தியாவது எப்போதும் திறந்திருக்க வேண்டும் அல்லவா?

பூச்சிமருந்து: தெளிக்கவே கூடாது. இலையைத் தின்னும் பச்சைப் புழுவைக் கண்டு பதற வேண்டாம். சில வாரங்களில் அது வண்ணத்துப்பூச்சியாகும். செடி மீண்டும் துளிர்க்கும்.

விருந்தோடு வீடும் வேண்டும்

செடியை மட்டும் வைத்துவிட்டால் வண்டு வந்துவிடாது. கருவண்டு பட்ட மரத்திலும் காய்ந்த மூங்கிலிலும் துளை குடைந்து குடியிருப்பது. நீலக்கோட்டுத் தேனீ மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு வளர்ப்பது. ஆகவே தோட்டத்து மூலையில் பட்டுப்போன முருங்கைக் கட்டை ஒன்றையும், கணுவோடு அறுத்த மூங்கில் துண்டுகள் சிலவற்றையும் மழை படாதபடி போட்டு வைக்க வேண்டும். எல்லா இடத்தையும் சிமெண்டால் மூடாமல் இரண்டு சதுர அடியாவது வெறுமண்ணாக விட வேண்டும்.

ஆவாரையில் தேன் இல்லை என்று கண்டோம். மகரந்தம் குஞ்சுக்கு உணவு; பறந்து திரியும் தாய்க்குத் தேன் வேண்டும். தும்பையும் எருக்கும் அதற்குதவும். எருக்கம்பூவுக்கு மகரந்தச் சேர்க்கை செய்வதும் கருவண்டே. நாம் களை என்று பிடுங்கி எறியும் இவ்விரண்டையும் ஆவாரையின் அருகே ஓர் ஓரமாக விட்டுவைத்தால் விருந்து நிறைவாகும்.

பூப்பறிக்கும் நோன்பன்று பறிப்போர்க்கும் ஒரு வேண்டுகோள். கிளையை ஒடிக்காமல் கொத்தை மட்டும் கிள்ளுங்கள். ஒரு செடியில் பாதிக்கு மேல் பறிக்காதீர்கள். இன்று விட்டுவைத்த பூவே மறு ஆண்டுக்கு விதை.

முடிவுரை

நம் கல்லூரியின் சுற்றுச்சுவர் ஓரம் வெயில் காயும் வெற்று நிலம் கிடக்கிறது. பனியன் கம்பெனிகளின் சுவரோரமும், பள்ளிகளின் வேலியோரமும், குளக்கரைகளும் அவ்வாறே கிடக்கின்றன. ஒரு மாணவர் பத்துக் குழி என்று எடுத்துக்கொண்டால், ஒரு வகுப்பு ஓர் இட்டேரியை மீட்டுவிடலாம். செலவு என்று ஒன்றும் இல்லை. வேண்டுவன ஒரு பிடி விதையும், ஒரு செம்பு வெந்நீரும், இரண்டு மாதப் பொறுமையுமே.

ஆவாரை எல்லார்க்கும் எளிதில் கொடுத்துவிடும் பூ அன்று. தன்னைத் தெரிந்து, தன்னிடம் வந்து, முயன்று கேட்பவர்க்கே அது கொடுக்கிறது. வண்டு பல்லாயிரம் ஆண்டுகளாக அவ்வாறு கேட்டு வருகிறது. நாமும் இனிச் சந்தையில் கேட்பதை விட்டு, மண்ணில் குனிந்து விதையை ஊன்றிக் கேட்போம். வரும் ஆண்டுகளில் ஒரு பொங்கலுக்காவது, நம் கல்லூரி வாயிலில் செருகும் காப்புக் கட்டு நம் வேலியிலேயே பூத்ததாக இருக்கட்டும். அதைப் பறிக்கச் செல்லும் காலையில், நமக்கு முன்பே அங்கு வந்து ரீங்காரமிடும் விருந்தினர்க்கு வழிவிட்டு நிற்போமாக!